சுவரில் இல்லாத மொக்கு

அண்ணாச்சி, மடியில ஒரு டப்பா வச்சிருக்கீங்கல்லா, அதைக் கொஞ்சம் கவுத்துக் காட்டுங்க. பயப்படாதீங்க, பிடுங்கிட்டு ஓட மாட்டேன். அடியில சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கு? ‘வடிவமைப்பு: மொகுதூம்.’ அது நான்தான். நம்பலைன்னா ஆதார் கார்டை எடுத்துக் காட்டுறேன்.

இன்னும் விக்கிறாங்களா இதை! எங்க வாங்கினீங்க, தூத்துக்குடி டவுன்லயா? திருப்பி அனுப்பினது போக மிச்சம் கிடந்திருக்கும். யாருக்கு, மருமகனுக்கா? நல்லது. உள்ள ஆறு தட்டு இருக்கும், டீ கிளாஸை வைக்கிறதுக்கு. கோஸ்டர்னு சொல்வாங்க. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, தைரியமாக் குடுங்க. ஒவ்வொரு தட்டுலயும் எட்டு இதழ்ப் பூ ஒண்ணு, நடுவுல ஒரு மொக்கு இருக்கா? அந்த மொக்குதான் என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டு.

நீங்க செந்தூர் வரைக்கும் போறீங்க. நான் அதுக்கு முந்தி காயல்பட்டினத்துல இறங்கிடுவேன். என் வீட்டுக்காரி ஸுலைஹா அங்கதான் இருக்கா. மூணு மாசமாச்சு நான் அந்த வாசப்படி மிதிச்சு. இன்னைக்கு என்னை உள்ள விடுவாளா, மாட்டாளான்னு தெரியணும். அதுக்குத்தான் போறேன். ஒரு மணி நேரம் இருக்குல்லா, கேளுங்க. நீங்களும் பொண்ணைக் கட்டிக் குடுத்த ஆளு. யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

என் தொழில் என்னன்னா, ஊர் சுத்திப் பாக்க வர்றவங்க ஞாபகத்துக்கு வாங்கிட்டுப் போறாங்கல்லா, சாவிக்கொத்து, பிரிட்ஜ்ல ஒட்டுற காந்தம், துணிப்பை, இந்தத் தட்டு, இதுக்கெல்லாம் படம் போடுறது. எங்க கடற்கரையில பழைய கல்லுப் பள்ளிவாசல்கள் உண்டு. நானூறு வருஷம், ஐநூறு வருஷம்னு சொல்வாங்க. தூணைப் பாத்தா கோயில் தூண் மாதிரியே இருக்கும். ஆனா மனுஷன், மிருகம் ஒண்ணும் செதுக்கியிருக்க மாட்டாங்க. எல்லாம் கொடி, பூ, கட்டம், நட்சத்திரம். அதைப் பாத்து எடுத்து, சுத்தம் பண்ணி, இந்தக் காலத்துக்குத் தக்கன மாத்தி அச்சுக்குக் குடுக்கணும். அதுல என்னை மிஞ்ச இந்த ஜில்லாவுல ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லலை, ஆளே கிடையாது, அதான் விஷயம்.

அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. எட்டு இதழ்ப் பூன்னா எட்டையும் வரையணும்னு இல்ல. ஒரு இதழை ஒழுங்கா வரைஞ்சு கம்ப்யூட்டர்ல குடுத்தாப் போதும், மிச்சம் ஏழையும் அதுவே திருப்பித் திருப்பிப் போட்டுடும். கல்லுல செதுக்கினவன் கை ஒண்ணு பெரிசாவும் ஒண்ணு சின்னதாவும் போட்டிருக்கும். நம்ம போட்டா எட்டும் ஒரே அளவு. ஸுலைஹாகிட்ட இதைக் காட்டினப்ப, “அப்ப மத்த ஏழு இதழும் என்னாச்சு?”ன்னு கேட்டா. சிரிச்சேன். என்ன கேள்வி இது, சொல்லுங்க.

எங்க ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. வீடு பொண்ணுக்குத்தான். கல்யாணமாச்சுன்னா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குக் குடி போகணும். நானும் போனேன். மாமியார் தங்கமான மனுஷி. மச்சான் நெய்னா கொழும்புல கடை வச்சிருக்கான், வருஷத்துக்கு ரெண்டு தரம் வருவான். எட்டு வருஷம் ராஜா மாதிரி இருந்தேன். குறைன்னா ஒண்ணுதான், புள்ளை இல்ல.

அப்புறம் உண்டாச்சு. பொண்ணு. போன வருஷம் ஆனி மாசம்.

எங்கள்ல ஏழாம் நாள்தான் முடியிறக்கிப் பேர் வைப்போம். ஆட்டுக்கெல்லாம் சொல்லி வச்சாச்சு. ஆறாம் நாள் காலையில புள்ளை மௌத்தாப் போச்சு. மூச்சு விட முடியலை, அவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்லத் தெரியலை எனக்கு. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கொண்டு போயி என் கையாலயே வச்சுட்டு வந்தேன். எங்க ஊர்ல பெண்டுகள் மையவாடிக்கு வர்றதில்ல. அடக்குறது எல்லாம் ஆம்பிளைங்கதான். பெத்தவளா இருந்தாலும் வாசலோட சரி.

கண்டக்டர், இங்க ஒரு காயல். சில்லறை இருக்கு, இந்தாங்க. எங்க விட்டேன்? ஆங்.

அதுக்கப்புறம் ஸுலைஹா பேச்சை நிறுத்திட்டா. அழுதாலாவது தேவலை. சும்மா உக்காந்திருப்பா. அப்பப்ப என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேப்பா. “எந்தப் பக்கம் வச்சீங்க? பக்கத்துல மரம் இருக்கா? வெயில் விழுமா?” நான் என்னத்தைச் சொல்ல? “மண்ணுதான் இருக்கு, பாக்குறதுக்கு அங்க ஒண்ணுமில்ல”ன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். திருப்பிக் கேப்பா. “நீங்கதான் எல்லாத்தையும் வரையிறீங்களே, ஒரு தாள்ல வரைஞ்சு காட்டுங்களேன்.” எனக்குக் கோவம் வந்துடும். புதைச்ச கபுறைப் போய் எவனாவது படம் போடுவானா அண்ணாச்சி?

அந்த நேரத்துலதான் சென்னையில இருந்து பெரிய ஆர்டர் ஒண்ணு வந்துது. கம்பெனி பேர் வேண்டாம். வர்ஷினின்னு ஒரு மேடம். “சார், இதுவரைக்கும் யாருமே பாக்காத டிசைன் வேணும்”னாங்க. யாருமே பாக்காததுக்கு நான் எங்க போவேன்? அப்பத்தான் பெண்கள் தைக்கா ஞாபகம் வந்துது. எங்க தெருவுல பெண்டுகள் மட்டும் கூடித் தொழுவுற பழைய கட்டடம். ஆம்பிளைங்க யாரும் உள்ள போகப்படாது. போனும் கொண்டு போகப்படாது, போட்டோவுக்கு வழியே இல்ல. உள்ள சுவர்ல பெரிய வட்டமா ஒரு கல்லுப்பூ இருக்குன்னு சின்ன வயசுல உம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். காயல்ல பொறந்தவன் நான், எங்க தெருச் சுவர்ல இருக்கிற பூவை நாப்பது வயசு வரைக்கும் கண்ணால பாத்ததில்ல. இனியும் பாக்க முடியாது.

ஸுலைஹாகிட்ட டிரேசிங் பேப்பர் சுருளையும் பென்சிலையும் குடுத்தேன். “சும்மாதானே உக்காந்திருக்கே, போய் நகல் எடுத்துட்டு வா”ன்னேன். கல்லு மேல தாளை ஒட்டி, தெரியிற கோட்டு மேலேயே வரையணும், அவ்வளவுதான். தொழுகைக்கு எப்படியும் போறவதானே. மாமிக்கு அவளை வெளிய அனுப்ப மனசில்ல. நான்தான் சொன்னேன், இது அவளுக்கு மருந்து மாமின்னு. மருந்தாத்தான் இருந்துது பாத்துக்கிடுங்க! பத்து நாள்ல பேச ஆரம்பிச்சுட்டா. “இன்னைக்கு நாலாவது இதழ் முடிஞ்சுது. அஞ்சாவதுல கல்லு கொஞ்சம் பேந்திருக்கு.” சாப்பிடும்போது இதே பேச்சு. விரல் முழுக்கக் கரி. பென்சிலைச் சீவுறதுக்கு மாமியோட பாக்குவெட்டியை எடுத்துக் கெடுத்து வச்சா. அந்த ஒரு மாசம் வீடு வீடா இருந்துது. அதை நான் குடுத்தேன் அண்ணாச்சி. நான் அந்தத் தாளைக் குடுக்கலைன்னா அவ எழும்பியிருக்கவே மாட்டா. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் அதை நினைச்சுப் பாக்கலை.

கடைசியாப் பெரிய பூவை முழுசா முடிச்சுக் கொண்டாந்தா. தரையில விரிச்சா ஆள் படுக்கலாம், அம்மாம் பெரிசு. எட்டு இதழையும் ஒண்ணொண்ணா வரைஞ்சிருக்கா, பேந்தது, வெடிச்சது எதையும் விடலை. அஞ்சாவது இதழுக்குள்ள மட்டும் சின்னதா ஒரு மொக்கு. அவரைக்கொட்டை அளவு. மத்த ஏழு இதழ்லயும் அது இல்ல. அதைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னா. நான் அப்ப வர்ஷினி மேடம்கிட்ட போன்ல இருந்தேன். சரி சரின்னு தலையை ஆட்டினேன். என்ன சொன்னான்னு காதுல விழலை. ஆர்டர் விஷயமாப் பேசிட்டிருக்கிறவன் பொண்டாட்டி பேச்சைக் காது குடுத்துக் கேட்டுட்டிருக்க முடியுமா? அப்புறமாச் சொல்லியிருக்கலாம்ல அவ.

படத்தை அனுப்பினேன். பத்து நிமிஷத்துல மேடம் கூப்பிடுறாங்க. “சார், பூவெல்லாம் எங்க வேணும்னாலும் இருக்கு. அந்த மொக்கு! அது ரொம்பப் புதுசு. ஏன் ஒரே இதழ்ல மட்டும் இருக்கு?” எனக்கென்ன தெரியும்? ஆனா தெரியாதுன்னு சொன்னாத் தொழில் நடக்குமா? “செதுக்கினவன் ஏதோ ஒரு அர்த்தத்தோட வச்சிருக்கான் மேடம்”னேன். “அதையே எழுதிக் குடுங்க”ன்னாங்க. எழுதினேன். நானூறு வருஷத்துக்கு முந்தி, ஆண்டவனோட முழுமைக்கு முன்னால மனுஷன் விரியாத மொக்குன்னு காட்டறதுக்காகச் சிற்பி வச்சதுன்னு எழுதினேன். டப்பாவுக்குள்ள ஒரு சீட்டு இருக்கும், பிறகு எடுத்துப் படிங்க. படிக்க நல்லாத்தான் இருக்கும்.

மொக்கைத் தனியா எடுத்து, ஓரத்தைச் சீர் பண்ணி, எல்லாத்துலயும் நடுவுல வச்சேன். சாவிக்கொத்துல மொக்கு, சோப்பு உறையில மொக்கு, கால் துடைக்கிற மிதியடியில மொக்கு. மேடம் கேட்டாங்க, குடுத்தேன்.

மாதிரி டப்பா வந்த அன்னைக்கு எங்க சகலை குடும்பத்தோட வந்திருந்தாரு. பெருமையா ஆறு தட்டையும் மேசையில பரப்பி, ஸுலைஹா, டீயைக் கொண்டா, இதுல வையின்னேன். தாம்பாளத்துல ஆறு கிளாஸோட வந்தவ, தட்டைப் பாத்துட்டு நின்னுட்டா. வைக்கவே மாட்டேங்கிறா. ஆவி பறக்குது, வைக்க மாட்டேங்கிறா. சகலை எழும்பித் தாம்பாளத்தை வாங்கி, அவர் பாட்டுக்கு மொக்கு மேல கிளாஸை வச்சாரு. கொஞ்சம் டீ சிந்துச்சு. இவ முந்தானையால துடைச்சா. துடைச்சுக்கிட்டே இருந்தா. எல்லாரும் போன பிறகு கேட்டா, “இதைப் போட வேண்டாம்னு சொன்னேனே.” நான் நினைச்சேன், அவ பேர் போடலைன்னு வருத்தம் போலன்னு. அடுத்த அச்சுல உன் பேரையும் போடச் சொல்றேன்னேன். காலி கிளாஸை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. இப்பவும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான், பேர் போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதோன்னு.

ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. பிறகு ஒரு நாள் இந்தச் சீட்டைப் படிச்சுட்டு, பழைய சிற்பங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஒரு அம்மா ஊருக்கே வந்துட்டாங்க. பெண்டுகள் கூட்டிட்டுப் போய் உள்ள காட்டியிருக்காங்க. பூ இருக்கு. எட்டு இதழும் இருக்கு. மொக்கு இல்ல. அஞ்சாவது இதழ் வெறும் இதழா இருக்கு. அந்தம்மா அங்க இருந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டிருக்காங்க. “அப்படி ஒண்ணு இங்க எந்தக் காலத்துலயும் கிடையாதும்மா”ன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. ஊர்ல பொம்பளையாப் பொறந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்ச விஷயம், எனக்கு மட்டும் தெரியலை. கம்பெனிக்காரங்க ஆர்டரை நிறுத்தி, கடையில இருந்த சரக்கையும் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க. “நீங்க கண்ணால பாக்கவே இல்லையா சார்?”னு மேடம் கேட்டாங்க பாருங்க.

நேரா வீட்டுக்கு வந்தேன். மாமி இருக்காங்க, கொழும்புல இருந்து வந்திருந்த நெய்னா இருக்கான், ஒண்ணையும் பாக்கலை. “என்னைப் பொய்யனாக்கிட்டியேடி, சுவர்ல இல்லாததை உன்னை யாரு வரையச் சொன்னது?”ன்னு கத்தினேன். அவ அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா. சுளகைக் கீழ வச்சா. கோவமே இல்லாமச் சொன்னா.

“அது பொய்யில்ல. அது புள்ளை. அந்த இதழ்ல கல்லு பேந்து சும்மா இடம் கிடந்துச்சு. அவளை வச்ச இடத்தைத்தான் நான் பாக்க முடியாது. தினம் தொழுவுற இடத்துல அவ இருக்கிற மாதிரி தாள்லயாவது வச்சுக்கிட்டேன். இது எனக்கு மட்டும், அச்சுல போட்டுடாதீங்கன்னு சொல்லித்தானே உங்க கையில தந்தேன்.”

அப்பவே நான் வாயை மூடியிருக்கணும். மூடலை. “செத்த புள்ளைக்கு இடம் தேட என் தொழில்தான் கிடைச்சுதா உனக்கு”ன்னுட்டேன். மாமி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. நெய்னா எழும்பி நின்னான், அடிக்கத்தான் வர்றான்னு நினைச்சேன், அடிக்கலை. ஸுலைஹா என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அந்தப் பார்வையை உங்களுக்கு எப்படிச் சொல்வேன் அண்ணாச்சி. புள்ளை போன அன்னைக்குக்கூட அவ அப்படிப் பாக்கலை.

வீடு அவ வீடுல்லா. வெளிய போறது நான்தானே? போனேன். நாலாம் நாள் தூத்துக்குடி லாட்ஜுக்கு என் சட்டையெல்லாம் வந்துது, தேச்சு, மடிச்சு. ஒரு பொத்தான் அறுந்து கிடந்ததைக்கூடத் தச்சு அனுப்பியிருந்தா. அதை வச்சுக்கிட்டு ஒரு பகல் முழுக்க அழுதேன். கோவத்துலதான் சட்டையை அனுப்பினாள்னா பொத்தானை ஏன் தைக்கணும்?

ஆத்தூர் பாலம் வந்துட்டா? சீக்கிரம் சொல்லி முடிச்சுடுறேன்.

போன வாரம் நெய்னா லாட்ஜுக்கு வந்தான். உக்காரக்கூட இல்ல. “மச்சான், அவ ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. புள்ளையை வச்ச இடத்தை உள்ளது உள்ளபடி வரைஞ்சு எடுத்துட்டு வரச் சொன்னா. அதைக் கொண்டாந்தா, பழசு எதையும் பேச மாட்டேன்னு சொன்னா.” வேற ஒண்ணும் இல்ல. மன்னிப்புக் கேக்கச் சொல்லலை, காலைப் பிடிக்கச் சொல்லலை. இவ்வளவு லேசா யாராவது விடுவாங்களா? வரையிறது என் தொழில். அரை மணி நேர வேலை. அப்படித்தானே நினைப்பீங்க?

அண்ணாச்சி, நான் என் கையால வச்சேன்னு உங்ககிட்ட சொன்னேன்லா. நான் உள்ளயே போகலை.

அன்னைக்கு மையவாடி வாசல் வரைக்கும் நான்தான் ஏந்திக்கிட்டு வந்தேன். வெள்ளைத் துணியில சுத்தி. கனமே இல்ல. கனம் இருந்திருந்தாக்கூட நடந்திருப்பேனோ என்னவோ. கேட்டுல கால் நின்னுட்டு. அடக்கம் பண்ணி வைக்கிற லெப்பை கையை நீட்டினாரு, குடுத்துட்டேன். கூட வந்த மூணு பேரும் அவர் பின்னால போயிட்டாங்க. நான் போனைக் காதுல வச்சுக்கிட்டு, யாரோ முக்கியமாக் கூப்பிடுற மாதிரி அங்கேயே நின்னேன். யாரும் கூப்பிடலை. அவங்க திரும்பி வர்றதைப் பாத்ததும் குனிஞ்சு ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையில தேச்சுக்கிட்டேன். எதுக்குத் தேச்சேன்னு இப்பவும் எனக்குத் தெரியலை.

வீட்டுக்கு வந்தா, ஸுலைஹா அந்தக் கையைப் பிடிச்சுக் கன்னத்துல வச்சுக்கிட்டா. “இந்தக் கையாலதானே வச்சீங்க? பதமா வச்சீங்களா?”ன்னு கேட்டா. ஆமான்னேன். அந்தக் கையைக் கழுவக்கூட விடலை அவ, மண்ணோடயே பிடிச்சுக்கிட்டுத் தூங்கினா. அதுக்கு மேல உண்மையை எப்படிச் சொல்றது? வரைஞ்சு காட்டுங்கன்னு கேக்கும்போதெல்லாம் நான் ஏன் எரிஞ்சு விழுந்தேன்னு இப்ப உங்களுக்குப் புரியும்.

நெய்னா வந்துட்டுப் போன மறுநாளே மையவாடிக்குப் போனேன். லெப்பை பங்குனியிலயே மௌத்தாயிட்டாரு. மிச்ச மூணு பேரையும் தேடிப் பிடிச்சுக் கேட்டேன். ஒருத்தர் வேம்புக்குக் கிழக்கேன்னாரு. ஒருத்தர் சுவரோரம்னாரு. மூணாவது ஆள் என்னையே திருப்பிக் கேட்டாரு, “நீயும்தானே உள்ள வந்தே?”ன்னு. சின்னப் புள்ளை கபுறுக்குக் கல்லு நட்டிருக்கலை. ஐப்பசி மழையில மண்ணு மொத்தமும் ஒண்ணாக் கிடக்கு. எங்க காலை வைக்கிறதுன்னே தெரியலை, என் புள்ளை மேலேயே மிதிச்சுட்டா என்ன பண்றதுன்னு கேட்டுக்குத் திரும்பி வந்துட்டேன்.

ஏதாவது ஒரு இடத்தை வரைஞ்சு குடுத்துடலாம்னு உக்காந்தேன், மறைக்கலை உங்ககிட்ட. அவ உள்ள வந்து பாக்கவா போறா? ஒரு வேம்பு, கொஞ்சம் நிழல், ஒரு மேடு. நான் வரைஞ்சா நம்பும்படியாத்தான் இருக்கும். நாலு தாள் வரைஞ்சேன். நாலையும் கிழிச்சேன். அவ அந்தத் தாளைத் தலைமாட்டுல வச்சுக்குவா அண்ணாச்சி. சாகுற வரைக்கும் தினம் எடுத்துப் பாப்பா. இல்லாத மேட்டைப் பாத்து துஆ கேப்பா. அதை மட்டும் என்னால தாங்க முடியாது.

கடைசியா ஒண்ணு வரைஞ்சேன். இந்தப் பையிலதான் இருக்கு. நான் கண்ணால பாத்தது எதுவோ அதை மட்டும் வரைஞ்சிருக்கேன். மையவாடியோட இரும்புக் கேட்டு. பதினோரு கம்பி, அதுல ஒண்ணு வளைஞ்சிருக்கும். கீழ நான் நின்ன இடத்துல மணல். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் வரையலை, தாள் வெறுமையாத்தான் கிடக்கு.

அந்தா, காயல் வந்துட்டு. காலைக் கொஞ்சம் மடக்கிக்கிடுங்க, இறங்கிக்கிடுறேன். யார் மேல தப்புன்னு உங்களைக் கேட்டேன்லா, அதை விட்டுடுங்க. ஸுலைஹாகிட்ட நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதே இருக்காது. கோடு கோடாப் பாத்து வரைஞ்சவ அவ. தாளை விரிச்சதுமே தெரிஞ்சுக்கிடுவா, புள்ளையை உள்ள கொண்டு போனப்ப நான் எந்தப் பக்கம் நின்னேன்னு.